மழைச் சத்தத்துக்கே பதறும் மனசும் ஹிப்னோதெரபியும்

இலங்கையின் பதுளை, நுவரெலியா பக்கத்தில் மலைச்சரிவுக்குக் கீழே லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரி கூரைத் தகரத்தில் மழை பலமாக விழ ஆரம்பித்தால் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்று. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடிய பிறகு, பலருக்கு அது வெறும் மழைச் சத்தமாக இல்லை. நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வயிறு கலக்கும், மழை விட்ட பிறகும் விடியும்வரை கண் மூடாது. விடிந்தால் பிரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகவேண்டும், பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும், கிழமைக் கடன் வசூலிக்க வேறு ஆள் வருவார்.

இப்படிப் பதறுவது உடம்பின் கோளாறு இல்லை. மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதிக்கு ஆபத்து என்று பட்டதும் ஹைபோதலமஸுக்குச் சேதி போகிறது, அங்கிருந்து நரம்பு வழியாகச் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு. சில நொடிகளுக்குள் அட்ரினலின் இரத்தத்தில் கலந்துவிடும். இன்னொரு பாதை பிட்யூட்டரி சுரப்பி வழியாகப் போகிறது, அதில் வரும் கார்டிசோல் கொஞ்சம் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் நிற்கும். ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், மண் உண்மையாகவே சரியும்போது மட்டும் இது நடப்பதில்லை, படுத்தபடி அதை நினைத்துப் பார்த்தாலும் நடக்கிறது. வெறும் நினைப்பே உடம்பை உலுக்கிவிடுகிறது.

ஹிப்னாஸிஸ் என்ற, கவனத்தைக் குவிக்கும் நிலைக்கு ஆளைக் கொண்டுபோய்ச் செய்யும் சிகிச்சைதான் ஹிப்னோதெரபி. அது கைவைப்பது இந்த இடத்தில்தான். ஒரு நினைப்பு உடம்பைப் பதறவைக்க முடியும் என்றால், இன்னொரு நினைப்பால் அதை அமர்த்தவும் முடியும்.

மேடையில் ஆளைத் தூங்கவைத்து ஆட்டுவிக்கும் வித்தையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். சிகிச்சையில் யாரும் தூங்குவதில்லை, மூளையின் மின் அலைகளும் தூக்கத்தில் இருப்பதுபோல் இருப்பதில்லை. கேட்கும், தெரியும், பிடிக்காததைச் சொன்னால் எழுந்து போகலாம். உண்மையில் நடப்பது என்னவென்றால், கவனம் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து மற்றதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. மாசி மாதத்தில் காமன் கூத்து பார்க்க விடியவிடிய உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் குளிரில் வேறொரு நாள் அரை மணி நேரம் வெளியே நிற்கமாட்டோம், ஆனால் தப்பு மேளத்தின் சத்தத்தோடு ரதி ஒப்பாரி வைக்கும்போது குளிர் உறைப்பதே இல்லை. குளிர் குறையவில்லை, தோலும் அதை உணராமல் இல்லை, மனம் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் மொன்ட்ரியல் ஆய்வாளர்கள், ஹிப்னாஸிஸ் நிலையில் இருந்தவர்களின் கையை வலிக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் வைக்கச் சொல்லி, அந்த வலி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்று ஒரு முறையும், கூடுதலாகத் தொந்தரவு செய்யும் என்று இன்னொரு முறையும் சொன்னார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. சொன்ன சொல்லுக்கு ஏற்றபடி மூளையில் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதியின் வேலை கூடிக் குறைந்தது, தோலின் உணர்ச்சியைப் பதிவுசெய்யும் பகுதியில் அந்த மாற்றம் இல்லை. அதாவது வலி வேறு, வலியால் படும் அவஸ்தை வேறு. எனக்கு இந்த ஆய்வுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மன உளைச்சலிலும் கதை இதேதான், கடனும் மழையும் அப்படியே இருக்க, அதனால் படும் அவஸ்தையைக் கொஞ்சம் இறக்கிவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

2016இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 545 பேரைச் சோதித்து, எளிதில் ஹிப்னாஸிஸுக்குள் போகிறவர்கள் 36 பேர், போகாதவர்கள் 21 பேர் என்று தேர்ந்து மூளையை ஸ்கேன் செய்தது. முதல் வகையினருக்கு அந்த நிலையில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. எதைக் கவனிக்கவேண்டும், எதற்குக் கவலைப்படவேண்டும் என்று அலசும் பகுதி அடங்கியது. திட்டமிட்டு நடத்தும் முன்மூளைக்கும், உடம்புக்குள் நடப்பதை உணரும் இன்சுலாவுக்கும் நடுவே தொடர்பு கூடியது. தன்னைப் பற்றியே நினைத்துச் சுழலும் வலைப்பின்னலோடு முன்மூளைக்கு இருந்த தொடர்பு குறைந்தது. ராத்திரியில் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் போட்டு உருட்டுகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் நன்றாகப் புரியும்.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கும்? முதலில் பேச்சு, எப்போது பதற்றம் வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது என்று. அப்புறம் ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக விடச் சொல்வார்கள், அது இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும். காலிலிருந்து மேலே ஒவ்வொரு தசையாகத் தளர்த்துவது, மனதுக்குப் பிடித்த ஓரிடத்தை அதன் வாசனையோடும் சத்தத்தோடும் நினைத்துக்கொள்வது, இதெல்லாம் அடுத்தடுத்து வரும். கவனம் நன்றாகக் குவிந்த பிறகுதான் தேவையான யோசனையைச் சொல்வார்கள், அதைக் கைவிரலைச் சேர்த்துப் பிடிப்பது போன்ற சின்ன அடையாளம் ஒன்றோடு இணைத்தும் விடுவார்கள். பிறகு வீட்டில் தானாகப் பழகவேண்டும். பழகாமல் விட்டால் பலன் நிற்காது.

அந்த யோசனை என்ன சொல்லாக இருக்கிறது என்பதில் நம் ஊருக்கு மிகுந்த கவனம் வேண்டும். "மழை உன்னை ஒன்றும் செய்யாது" என்று சரிவுக்குக் கீழே இருக்கிற அக்காவிடம் சொல்வது சிகிச்சை அல்ல, ஆபத்து. மழைச் சத்தம் கேட்டதும் மூச்சை மெதுவாக விடுவேன், எழுந்து சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு இருக்கிறதா, மண்ணிலிருந்து திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்ப்பேன், அப்படி ஏதும் இருந்தால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுவேன், இல்லையென்றால் படுத்துத் தூங்குவேன், இப்படித்தான் அந்த யோசனை இருக்கவேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் மனசு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இடம்மாறத்தான் வேண்டும். லயத்தைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிக் கட்டுவதற்குப் பதிலாக யாராவது தளர்வுப் பயிற்சி வகுப்பு வைத்தால் அதை ஏற்கவே கூடாது.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. ஏறத்தாழ பத்துக்கு ஒருவர் மிக எளிதில் உள்ளே போகிறார், அதே அளவுக்குச் சிலருக்கு அவ்வளவாக வருவதில்லை, மீதிப்பேர் நடுவில். இதற்கும் புத்திக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை, வரவில்லை என்றால் குறையும் இல்லை.

ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், குடல் எரிச்சல் நோயில் 1984இல் மான்செஸ்டரில் தொடங்கி நல்ல முடிவுகள் இருக்கின்றன. மன உளைச்சலைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதி இல்லை. 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 9 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, பெரும்பாலானவற்றில் பலன் தெரிந்தது, ஆனால் சோதனைகள் சிறியவை, நடத்திய முறையிலும் ஓட்டைகள் இருந்ததால் முடிவாகச் சொல்ல முடியாது என்றே எழுதினார்கள். அதனால் உளவளத்துணையோடும், தேவையானால் மருந்தோடும் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு துணையாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறவர்கள், இல்லாததை நம்புகிற நிலையில் இருப்பவர்கள் மனநல வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது. "மறந்துபோன பழைய நினைவைத் தோண்டி எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடமும் போகாதீர்கள், அந்த நிலையில் நடக்காததும் நடந்ததுபோல் நினைவாகப் பதியலாம், ஆளுக்கும் அது உண்மை என்றே தோன்றும். ஒரே நாளில் தீர்க்கிறேன் என்று முன்பணம் கேட்பவரை விட்டுவிடுங்கள். வைத்தியராகவோ உளவியல் படித்தவராகவோ இருந்து, அதற்கு மேல் ஹிப்னோதெரபியில் பயிற்சி எடுத்தவரா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மலையில் அப்படிப்பட்டவர் கிடைப்பது கஷ்டம், ஆகவே முதல் படியாக அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போகலாம், கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சாகலாமா என்ற நினைப்பு வருகிறது என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.