கட்டம் கட்டினால் அட்டவணை ஆகிவிடாது

இந்த மாதமும் ஓர் ஆய்வேடு, அச்சுக்கோப்பு மென்பொருளான லேடெக்கில் (LaTeX) வந்தது. ஐந்து நெடுவரிசை அட்டவணை. அதற்கு ஆறு செங்குத்துக் கோடுகள், வரிக்கு வரி எச்லைன் (\hline) என்ற கட்டளை போடும் ஒரு கிடைக்கோடு. கேட்டால், "கட்டம் இல்லாவிட்டால் எண்கள் கலந்துவிடுமே" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கலக்காது. நெடுவரிசைகளைப் பிரித்துக் காட்டுவது நடுவிலுள்ள வெற்றிடம்தான். லேடெக் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இருபுறமும் 6 பாயிண்ட் விடுகிறது. போதாவிட்டால் டேப்கால்செப் (\tabcolsep) என்ற அந்த இடைவெளி அளவைக் கூட்டுங்கள். தசமப்புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் கண் தானே கீழே இறங்கும். எண்களைத் தாறுமாறாக நிறுத்திவிட்டு எத்தனை கோடு போட்டாலும் ஒப்பிட்டுப் படிக்க முடியாது.

எச்லைன் தனக்கென்று இடம் விடாது. தமிழில் அது இன்னும் தொல்லை. 'ஆண்', 'பெண்' என்ற தலைப்புகளில் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டு 'ஆண', 'பெண' என்று நிற்பதை எத்தனை முறை திருத்துவது?

அட்டவணைக் கோடுகளுக்கென்றே உள்ள புக்டேப்ஸ் (booktabs) தொகுப்பை ஏற்றுங்கள். மேலே டாப்ரூல், தலைப்புக்குக் கீழே மிட்ரூல், முடிவில் பாட்டம்ரூல். பெரும்பாலான அட்டவணைகளுக்கு இந்த மூன்று கோடுகளே போதும். ஓரக் கோடுகள் 0.08 எம், நடுக்கோடு 0.05 எம் (எழுத்தளவைப் பொறுத்த அலகு) என்று தடிமனை அதுவே பார்த்துக்கொள்ளும், கோட்டை ஒட்டி இடமும் விடும். இரண்டு நெடுவரிசைக்குப் பொதுத் தலைப்பு இருந்தால் அதன் கீழே மட்டும் சிமிட்ரூல் (\cmidrule) என்ற குறுங்கோடு. அதில் அடைப்புக்குறிக்குள் எல்ஆர் (lr) சேருங்கள். இருமுனையும் சற்றுக் குறுகும், பக்கத்துக் கோட்டில் முட்டாது.

தயவுசெய்து இதோடு செங்குத்துக் கோட்டைக் கலக்காதீர்கள். கிடைக்கோடுகளுக்கு மேலும் கீழும் விட்ட இடத்தில் அது அறுந்து அறுந்துதான் நிற்கும். உடனே தொகுப்பில் பிழை என்கிறார்கள். பிழையே இல்லை, செங்குத்துக் கோடு ஒருபோதும் வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. சிலர் அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கிக் கோட்டை ஒட்டவைக்கிறார்கள். சரி, அப்புறம் புக்டேப்ஸ் எதற்கு?

திரையில் ஒரு கோடு மெலிந்தும் அடுத்தது தடித்தும் தெரிந்தால் தடிமனில் கைவைக்காதீர்கள். எச்லைனின் 0.4 பாயிண்ட் கோடு திரைப்புள்ளிகளுக்குள் சரியாக அடங்காததால் வரும் தோற்றம் அது. பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது ஒரு பக்கம் அச்செடுங்கள்.

நீண்ட அட்டவணையா? சில வரிகளுக்கு ஒருமுறை, கூடுதல் இடம் விடும் அட்லைன்ஸ்பேஸ் (\addlinespace) போடுங்கள். வரியை முடிக்கும் இரட்டைப் பின்சாய்கோட்டை (\\) கடைசி வரியிலும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பாட்டம்ரூல் எழுதினால் 'மிஸ்பிளேஸ்டு நோஅலைன்' என்ற பிழைச்செய்தியோடு லேடெக் நின்றுவிடும்.