உதவி இயக்குநர் சம்பளம்: ஊருக்கு ஒரு கணக்கு

கோடம்பாக்கத்தில் சம்பளம் பேச உட்கார்ந்தால் புரொடக்‌ஷன் மேனேஜர் முதலில் கேட்பது, “எத்தனை படம் ரிலீஸ் ஆயிருக்கு தம்பி?” என்றுதான். மூன்று வருடம் ஒரு படத்துக்கு ஓடியாடி உழைத்து, அது பைனான்ஸ் சிக்கலில் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டால், அந்த மூன்று வருடத்துக்கு அவரிடம் மதிப்பு கிடையாது. டைட்டிலில் பெயர் வந்த இரண்டு படம் இருந்தால் பேச்சே வேறு. எந்த டைரக்டரிடம் இருந்து வருகிறீர்கள் என்பதும் தொகையை ஏற்றும், இறக்கும்.

இதே வேலைக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு கணக்கு. அங்கே உதவி இயக்குநர்களும் ‘டைரக்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா’ என்ற இயக்குநர் சங்கத்தில் உறுப்பினர்கள். தயாரிப்பாளர்களோடு கில்ட் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் ஃபர்ஸ்ட் ஏ.டி. (முதல் உதவி இயக்குநர்), செகண்ட் ஏ.டி. (இரண்டாம் உதவி இயக்குநர்) என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச வாரச் சம்பளம் அச்சிலேயே இருக்கும். உள்ளூரில் வேலை என்றால் ஒரு தொகை, வெளியூர் லொகேஷன் என்றால் அதைவிட அதிகம். சின்ன பட்ஜெட் படத்துக்குத் தனி விதி. அனுபவத்தை வேலை பார்த்த நாட்களை வைத்து அளக்கிறார்கள். செகண்ட் ஏ.டி. ஒருவர் ஃபர்ஸ்ட் ஏ.டி. ஆக வேண்டுமென்றால், இத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். வேலைக்கு எடுக்கத் தகுதியானவர்களின் பட்டியலும் தெற்கு கலிபோர்னியாவுக்கு ஒன்று, நியூயார்க்குக்கு ஒன்று எனத் தனித்தனி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அங்கே ஃபர்ஸ்ட் ஏ.டி. என்பதே ஒரு முழுத் தொழில். ஷெட்யூல் போடுவதும் செட்டை நேரத்துக்கு நகர்த்துவதும் அவர் பொறுப்பு. அறுபது வயது வரை அதையே செய்து ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. நம் ஊரில் எல்லோரும் நாளைக்கு டைரக்டர் ஆகப்போகிறவர்கள். ‘தொழில் கத்துக்க வந்திருக்கான், பேட்டா கொடுத்தால் போதும்’ என்ற நினைப்பு இதிலிருந்துதான் வருகிறது. முதல் படத்துக்குச் சம்பளமே பேசாமல் சேர்த்துக்கொள்ளும் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. மும்பை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே ஷெட்யூல் தெரிந்த ஃபர்ஸ்ட் ஏ.டி.க்குத் தனி மரியாதை. விளம்பரப் படங்களில் நாள் கூலியும் நன்றாக வரும். வீட்டு வாடகை அதில் பாதியைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சென்னை செட்டிலேயே ஒரு முரண் இருக்கிறது. லைட்மேன் அண்ணனுக்கு பெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) பேசி முடித்த தினக்கூலி உண்டு. கால்ஷீட் நேரம் தாண்டினால் கூடுதல் தொகை தானாக ஏறும். அவருக்கு முன்னால் வந்து, அவருக்குப் பின்னால் வீட்டுக்குப் போகும் உதவி இயக்குநருக்கு நேரக் கணக்கே கிடையாது. மொத்தமாகப் பேசியது பேசியதுதான்.

அந்த மொத்தத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒரு உதாரணத்துக்கு, படத்துக்கு ஒன்றரை லட்சம், ஷூட்டிங் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,500 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதை டிஸ்கஷன், லொகேஷன் பார்ப்பது எல்லாம் சேர்த்து 5 மாதம். அந்த 60 நாளும் இடைவெளி விட்டு விட்டு வந்து 4 மாதத்தை விழுங்கும். எடிட்டிங், டப்பிங், சிஜி (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) என்று இன்னொரு 5 மாதம். ஆக 14 மாதம், மாதத்துக்குச் சுமார் 10,700 ரூபாய். சாலிகிராமத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்தாலும் பெட்ரோலுக்கும் மெஸ்ஸுக்கும் இழுபறிதான். டிஸ்கஷன் நாட்களுக்கு பேட்டா உண்டா, டப்பிங் வரை மாதாமாதம் வருமா என்ற இரண்டு கேள்விகளையும் தொகை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளியூர் ஷெட்யூல் வேறு மாதிரி. ராமோஜி பிலிம் சிட்டிக்கு ஒரு மாதம் போனால் தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி செலவு. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாது, ஆனாலும் பேட்டா அப்படியே மிஞ்சும்.

சீரியலில் தொகை சின்னதாக இருந்தாலும் மாதம் தவறாமல் வரும். சினிமாக்காரர்கள் அதை இளக்காரமாகப் பேசுவார்கள். வாடகை கட்ட வேண்டிய தேதியில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். விளம்பரப் படத்தில் காசு நல்ல காசுதான், கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஓடிடி தொடர்கள் எடுக்கும் கம்பெனிகள் பான் எண், இன்வாய்ஸ் எல்லாம் கேட்கும், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பயப்பட வேண்டாம். வருமான வரி விதிகளில் ‘திரைக்கலைஞர்’ என்ற வரையறைக்குள் உதவி இயக்குநரையும் குறிப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பிடித்தம். இது முன்கூட்டியே பிடித்து வைத்த வரி. வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம்.

சட்டமும் நம் பக்கம்தான். எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981இலேயே சினிமா தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் சொன்னது. 2020இல் வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை உள்வாங்கி, இணையத் தொடர்களையும் சேர்த்துக்கொண்டது. நடைமுறையில் புதிதாக வருகிற பையனோ பெண்ணோ அக்ரிமென்ட் கேட்டால் மேனேஜர் முகம் மாறும் என்பது எனக்கும் தெரியும்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். பேசி முடித்த அன்று ராத்திரியே மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். “வணக்கம் சார். இன்று பேசியபடி மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, ஷெட்யூலுக்கு ஷெட்யூல் இவ்வளவு, மீதி டப்பிங் முடிந்ததும். பேட்டா தனி. சரிதானே சார்?” கடைசித் தவணையை ரிலீஸோடு மட்டும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ரிலீஸ் தேதி யார் கையிலும் இல்லை. டப்பிங் முடிகிற தேதி உங்களுக்கே தெரியும், அங்கே வசனப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவதே நீங்கள்தான்.