கோஹன்: பெயருக்குள் ஒரு பூசகர்

பாடகர் லெனர்ட் கோஹன் பெயரால் நமக்குப் பழகிய சொல் இது. இஸ்ரேலில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயரும் இதுதான். எபிரேயத்தில் 'கொஹேன்', பன்மையில் 'கொஹனிம்'. கோயிலில் பலி செலுத்தும் பூசகர் என்று பொருள்.

மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வழியில் வந்தவர்களே கொஹனிம் என்பது யூத மரபு. அப்பா கொஹேன் என்றால் பிள்ளையும் கொஹேன். படித்து அந்த இடத்துக்கு வர முடியாது. கி.பி. 70இல் எருசலேம் கோயிலை ரோமர்கள் அழித்ததும் பலி நின்றுபோனது. ஆனாலும் தொழுகைக்கூடத்தில் யூதத் திருநூலான தோராவை வாசிக்க இன்றைக்கும் முதல் அழைப்பு கொஹேனுக்குத்தான். ஆசி வழங்குமுன், கோயில் பணியில் உதவிய லேவி குலத்தவரான லேவியர்கள் அவர் கையில் நீர் வார்ப்பார்கள். அவர் சால்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு, விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவே இடைவெளி விட்டு, இரு கைகளையும் நீட்டுவார். பழைய யூதக் கல்லறைகளில் இதே கைகளைச் செதுக்கியிருப்பார்கள். கல்லைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், கீழே உறங்குபவர் ஒரு கொஹேன் என்று. லேவியர் கல்லில் நீர்க்கூஜா இருக்கும்.

நாடு மாற மாறப் பெயரும் உருமாறியது. ஜெர்மன் பேசும் ஊர்களில் கான். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி கிடையாது, அதனால் ககன், கோகன். எனக்கு மிகவும் பிடித்தது காட்ஸ். ஜெர்மனில் பூனைக்குக் 'காட்சே' என்பதால் பலரும் அதோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது 'கொஹேன் செதெக்', அதாவது 'நீதியின் பூசகர்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'ஆசாரியன்', கத்தோலிக்க வழக்கில் 'குரு'. இரண்டும் வேரூன்றிவிட்ட சொற்கள், மதிக்கிறேன். ஆனால் இரண்டிலுமே கற்றுக்கொடுப்பவர் என்ற பொருள்தான் நமக்கு முதலில் தோன்றும். யூதர்களிடம் அந்த வேலை ரபியுடையது. ரபி ஆவதற்குப் படிப்பு வேண்டும், குலம் வேண்டியதில்லை. 'ஆசாரியன்' ரபிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கொஹேனுக்குப் 'பூசகர்' சரியான சொல். பரம்பரையும் தெரிய வேண்டுமென்றால், சிவன் கோயில் குருக்களை நினைத்துக்கொண்டு 'குலப்பூசகர்' எனலாம்.

இதெல்லாம் பதவியைக் குறிக்கும்போது மட்டும். குடும்பப் பெயராக வந்தால் கோஹன் என்றே எழுத வேண்டும். ஏனென்றால் கோஹன் என்று பெயர் வைத்திருப்பவர் எல்லாரும் கொஹேன் ஆகிவிட மாட்டார்கள். வேறு பெயரோடு வாழும் கொஹேன்களும் ஏராளம்.