பிரான்சைஸ், சீக்வல், வழிப்படம்

போன மாதம் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். கடைப் பலகையில் ‘பிரான்சைஸ் தேவைப்படுவோர் அணுகவும்’ என்று எழுதியிருந்தது. கூட வந்த அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். “மாமா, நீங்க டெர்மினேட்டர் பிரான்சைஸ்னு சொல்லுவீங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?” என்று கேட்டாள்.

இரண்டும் ஒரே சொல்தான். டீக்கடையையும் ரோபோ சண்டையையும் அது எப்படிச் சேர்த்துப் பிடித்தது என்று சொல்ல, ஐரோப்பாவில் பிராங்குகள் என்ற இனத்தார் ஆண்ட காலம் வரை போக வேண்டும். அவர்கள் பிடித்த நாட்டில் முழுச் சுதந்திரம் அவர்களுக்கு மட்டுமே இருந்தது. அதனால் ‘பிராங்க்’ என்றாலே பிரெஞ்சில் ‘கட்டற்றவன்’ என்று பொருள் வந்தது. நாம் “பிராங்கா சொல்லணும்னா” என்று பேச்சைத் தொடங்குகிறோமே, அதற்கும் இதுதான் வேர். பழைய பிரெஞ்சில் ‘பிரான்சைஸ்’ என்றால் விடுதலை, வரிவிலக்கு. ஆங்கிலத்துக்கு வந்தபின் அரசர் தரும் சலுகை ஆனது, பிறகு ஓட்டுப் போடும் உரிமை ஆனது. 20ஆம் நூற்றாண்டில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு ஒரு வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் உரிமைக்கும் அதே பெயர். கடைசியாக, ஒரே கதையின் உரிமையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு சினிமா அதை எடுத்துக்கொண்டது.

வட்டார உரிமை சினிமாக்காரர்களுக்குப் புதிதல்ல. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்ததுதான் விநியோகஸ்தர்கள் சொல்லும் ‘சேலம் ஏரியா’. ஏரியா வாங்கியவருக்கே அங்கே படம் ஓட்டும் உரிமை.

ஆக, வாக்குக்கு வாக்குரிமை, கடைக்கு உரிமக் கிளை, படத்துக்கு உரிமைத் தொடர் என்று சொல்லலாம். ‘படத்தொடர்’ என்று மட்டும் சொன்னால் டிவி சீரியல் நினைவுதான் வருகிறது. ‘உரிமை’ இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் உரிமை என்பது பத்திரத்தில் எழுதுவது மட்டுமா? தாய்மாமனுக்குச் சபையில் உரிமை உண்டு, பழகியவரிடம் உரிமையோடு கோபித்துக்கொள்வோம். ரசிகனுக்குப் படத்தின் மேல் இருப்பது அந்த உரிமை. பேப்பரில் உரிமை வைத்திருப்பவர் இதை மறக்கும்போதுதான் மூன்றாம் பாகம், நான்காம் பாகமெல்லாம் கெட்டுப்போகின்றன.

அடுத்து சீக்வல். லத்தீனில் ‘செக்வி’ என்றால் பின்தொடர்தல். ‘செகண்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், பின்னால் வருவது என்பதே அதன் முதற்பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் சீக்வல் என்று சொல்வதில்லை, “செகண்ட் பார்ட் எப்போ?” என்றுதான் கேட்பார்கள். எழுத்தில் ‘இரண்டாம் பாகம்’ என்கிறோம். அது எண்ணிக்கையைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை.

உறவைச் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது பவணந்தியாரின் நன்னூல். அதை எழுதச் சொன்ன சீயகங்கன் கங்க மரபினன். கங்கர்களின் பழைய தலைநகரான கோலார், கிருஷ்ணகிரிக்கு வடக்கே பக்கத்தில்தான் இருக்கிறது. வழிநூலுக்கு நன்னூல் தரும் இலக்கணம் இது:

“முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.”

முந்தைய நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். பின்னால் வருபவன் தான் விரும்பும் மாறுதலைச் சொல்ல வேண்டும். மரபு அழியக் கூடாது. ஒரு நல்ல இரண்டாம் பாகத்துக்கு வேறென்ன வேண்டும்? அதனால் சீக்வலை ‘வழிப்படம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

ஹாலிவுட் படமான டெர்மினேட்டரை வைத்தே பார்ப்போம். 1984இல் முதல் படம். அதில் சாரா என்ற பெண்ணைக் கொல்ல வரும் ரோபோ அர்னால்டு. 1991இல் வந்த இரண்டாவதில் அதே உருவம் அவள் மகனைக் காப்பாற்ற வருகிறது. முதல் படத்தில் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த சாரா, இதில் துப்பாக்கியும் தசையுமாக நிற்கிறாள். முன்கதையில் நடந்த எதையும் மறுக்காமல் இவ்வளவு பெரிய விகற்பம்! கடைசியில் ரோபோ கேட்டுக்கொண்டபடி சாரா அதை உருகிய இரும்புக்குள் இறக்கும்போது, எந்திரங்கள் மனிதர்களை அழிக்கும் அந்த நாள் தடுக்கப்பட்டது என்று நம்பி நாமும் அழுதோம். 2003இல் வந்த மூன்றாம் படமோ, அழிவு தள்ளித்தான் போனது, கட்டாயம் வரும் என்றது. முடிபு அங்கே உடைந்தது. 2019இல், முதல் இரண்டு படங்களை இயக்கிய ஜேம்ஸ் கேமரூனே தயாரிப்பாளராகத் திரும்பி வந்தும், எந்தப் பையனைக் காப்பாற்ற இரண்டாம் படம் முழுக்கப் போராடினார்களோ அவனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. முதல் படத்தைத் தானே இயக்க வேண்டும் என்பதற்காகக் கதை உரிமையை ஒரே ஒரு டாலருக்கு விற்றவர் அவர். அதன்பின் அந்த உரிமை கைமாறிக்கொண்டே போனது. ஆறு படங்கள் வந்துவிட்டன. உரிமைத் தொடராக அது இன்னும் இருக்கிறது, வழிப்படமோ அதில் ஒன்றே ஒன்றுதான்.

வேறொருவர் கைக்குப் போனால் கெட்டுப்போகும் என்பதும் விதியில்லை. சிலப்பதிகாரம் இளங்கோவடிகளுடையது, மணிமேகலை சாத்தனாருடையது. கோவலனும் மாதவியும் பெற்ற மகளின் கதையை அவர் எடுத்துக்கொண்டு, காதலிலிருந்து துறவுக்குத் திருப்பினார். கண்ணகி அங்கே தெய்வமாகவே நிற்கிறாள், யாரும் அவளை மறுபடி மதுரைக்கு அனுப்பவில்லை. இரட்டைக் காப்பியம் என்று இன்றும் சேர்த்தே சொல்கிறோம்.

படம் முடிந்த இடத்திலேயே அடுத்தது தொடங்கினால் அதை அந்தாதி என்று சொல்ல எனக்கு ஆசை. 2010இல் ‘சிங்கம்’ முடியும்போது துரைசிங்கத்துக்குத் தூத்துக்குடியில் ஒரு ரகசிய வேலை தருவார்கள். 2013இல் இரண்டாம் பாகம் அந்த வேலையில்தான் ஆரம்பிக்கும். தியேட்டரில் அந்த நொடி விழுந்த விசில், மூன்று வருடம் காத்திருந்த விசில்.

மற்ற சொற்கள் எளிது. பிரீக்வல் என்றால் முன்கதை. வாரப் பத்திரிகைத் தொடர்களின் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்தவர்களுக்கு அது பழகிய சொல். ‘பில்லா 2’ அப்படிப்பட்டது. வெவ்வேறு படங்களின் கதைகள் ஒன்றோடொன்று இணையும் சினிமாட்டிக் யூனிவர்சுக்குத் ‘திரையுலகம்’ பொருந்தாது, அது கோடம்பாக்கத்தைக் குறித்துவிடும். ‘கைதி’யையும் ‘விக்ர’மையும் சேர்த்துச் சொல்ல ‘கதையுலகம்’ போதும். ஸ்பின்ஆஃப் என்பதற்குக் கிளைக்கதை. இதை மட்டும் அக்கா மகளுக்கு மாவட்டக் கணக்கில் சொன்னேன்: சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரி, தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி. “அப்போ நாம இப்போ கிளைக்கதைக்குள்ள போயிட்டிருக்கோம்” என்றாள். காரிமங்கலம் தாண்டியிருந்தோம்.