பூநாரைக்குக் கடுஞ்சிவப்புப் பூசாதீர்கள்

பாடசாலைச் சுவர்களிலும் கடனீரேரிக் கரைப் பதாகைகளிலும் வரைந்திருக்கும் பூநாரைகளில் பல நம்மூருக்கு வருபவையே அல்ல. இணையத்தில் தேடினால் கரீபியன் இனத்தின் படங்களும் கலந்து வரும். அதற்கு உடல் முழுக்கச் செக்கச்சிவப்பு. இலங்கையின் வடக்கே, நம் சுண்டிக்குளத்திலும் மண்டைதீவிலும் இறங்குவது பெரும்பூநாரை. நிற்கும்போது உடம்பு ஏறக்குறைய வெள்ளை, மேலே மெல்லிய இளஞ்சிவப்பு. கடுஞ்சிவப்பும் கறுப்பும் சிறகை விரித்தால்தான் நன்றாகத் தெரியும். இளசுகள் சாம்பல் நிறம். கூட்டத்தில் இரண்டொன்றை அப்படி வரையாவிட்டால் பிள்ளைகள் அவற்றை வேறு பறவை என்று எண்ணிவிடுவார்கள். இரை எடுக்கும்போது தலை கவிழ்ந்து, மேலலகு கீழ்ப்பக்கம் வர வேண்டும். கொக்குப் போலக் கொத்த விட்டால், அது சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் விதமே படத்தில் இல்லாமற் போய்விடும்.

கண்டற்காட்டுப் படங்களில் எல்லா மரத்துக்கும் மிண்டிவேர், அதாவது அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கி மரத்தைத் தாங்கும் வேர், வைப்பது அடுத்த பிழை. மிண்டிவேர் ரைசோபோரா என்ற கண்டல் வகைக்கு உரியது. நம் கடனீரேரியில் எங்கும் காணும் வெண்கண்டலுக்கு, அதாவது அவிசீனியா மரீனாவுக்கு, சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள். இவற்றையும் கண்டபடி தூவக் கூடாது. மண்ணுக்குள் கிடையாக ஓடும் வேரிலிருந்துதான் அவை கிளம்புகின்றன. ஆகவே அடிமரத்திலிருந்து விரியும் வரிசைகளாகவே நிற்கும். முதலில் அந்தக் கிடைவேர்களைப் பென்சிலால் மெல்லிதாக இழுத்துவிட்டு, அவற்றின்மேல் மூச்சுவேர்களை நட்டுப் பாருங்கள்; படம் தானாகவே சரியாக வரும். இலையின் அடிப்பக்கத்து வெளிர்சாம்பல் நிறத்தைக் காட்ட ஓரிரு இலைகளைத் திருப்பி விடுங்கள்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே மரத்தில் நுங்குக் குலையையும் ஆண்பாளையையும் சேர்த்து வரைபவர்களும் உண்டு. பனை நாட்டில் இது கொஞ்சம் வெட்கம்தான்.

பாம்புப் படத்தில் பிழை விட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டுவிரியனையும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பையும் 'கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு' என்று ஒரே மாதிரி வரைந்தால் அந்தப் படத்தால் பயனில்லை. கட்டுவிரியனின் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் சோடி சோடியாக வரும். கழுத்துப் பக்கம் மங்கி அல்லது இல்லாமலே இருந்து, வாலை நோக்கித் தெளியும். ஓநாய்ப் பாம்பில் இது நேர்மாறு: அகன்ற பட்டைகள் முன்பக்கம் தெளிவு, பின்னே போகப் போக மங்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் கட்டுவிரியனில் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அதை ஒரு வட்டத்துக்குள் பெருப்பித்துக் காட்டலாம், ஆனால் செதிலைப் பார்க்கக் கிட்டப் போகக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டுவிரியன் கடித்த இடம் வீங்காமல், வலிக்காமல்கூட இருக்கலாம். எந்தப் பாம்பு என்று படத்தோடு ஒப்பிட்டு நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் வரியும் அங்கே வேண்டும். ஆய்வுகூடத்து ஸ்பிரிட் போத்தலில் உள்ள பாம்பைப் பார்த்து நிறம் தீட்டாதீர்கள்: அதில் நிறம் போய்விடும். வடிவத்துக்கும் செதிலுக்கும் மட்டும் அது உதவும்.

செடியென்றால் கொப்பை ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் கொண்டுவாருங்கள். நம் வெயிலில் பூ வாட அதிக நேரம் ஆகாது. ஆகவே முதல் வேலை நிறத்தை ஒரு துண்டுக் கடதாசியில் தீட்டி ஒப்பிட்டு வைப்பது. வடிவம் அதற்குப் பிறகு. அளவைக் கவராயத்தால் எடுங்கள். கைத்தொலைபேசியைக் கிட்டப் பிடித்து எடுத்த படத்தில் முன்னுள்ளது ஊதித் தெரியும், அளவுக்கு அதை நம்ப முடியாது.

அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள். குறுக்கும்போது கைநடுக்கம் மறையும். கோடும் கூடவே மெலியும். 0.1 மில்லிமீற்றர்ப் பேனாக்கோடு பாதியானால் அச்சில் அறுந்து அறுந்து வரும், வெளிக்கோட்டுக்கு 0.3 எடுங்கள். நிழலுக்கு வைக்கும் புள்ளிகளை நெருக்கினால் குறுக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகும். '2 மடங்கு' என்று எழுதாமல் அளவுக்கோடு ஒன்று, அதாவது உண்மையில் இத்தனை சென்ரிமீற்றர் என்று குறித்த சிறு கோடு, போடுங்கள். படத்தோடு சேர்ந்து அதுவும் குறுகும் என்பதால் கணக்குப் பிழைக்காது. வெயிலில் நிற்கும் பிளெக்ஸ் பதாகையில் பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளிறும். ஆதலால் இரண்டு உயிர்களை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தி வைக்காதீர்கள். வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அதிலும் வேறுபாடு தெரிந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.