பிறழ்வா, வேறுபாடா?

"மரபணுப் பிறழ்வு உள்ள குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம்." ஒரு மருத்துவமனைக் கையேட்டில் இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "இது எங்க வீட்டு வழியா சார், அவர் வீட்டு வழியா?" அன்றிலிருந்து பிறழ்வு என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

கையேடு சொல்ல வந்தது 'ஜெனட்டிக் வேரியேஷன்'. லத்தீன் 'வாரியுஸ்', பல நிறமான, பலவகையான. அவ்வளவுதான். பிறழ்வு அப்படியா? நெறி பிறழ்ந்தான், சொல் பிறழ்ந்தான், நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி. சரியான இடம் ஒன்று இருந்து, அதை விட்டு விலகினால்தான் பிறழ்வு.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளவை என்று 2009-இல் ஆய்வாளர்கள் ஆரிட்5பி, இகாரோஸ் என்ற மரபணுக்களில் கண்ட வேறுபாடுகள், நோய் எட்டிப் பார்க்காத எத்தனையோ பேரிடமும் உண்டு. அத்தகைய வேறுபாடு ஒன்று பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் 4,000 குழந்தைகளில் இரண்டுக்கு வருவது மூன்றுக்கு வரும். இதற்கா பிறழ்வு?

ஏடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உ.வே.சா. பதிப்பின் அடிக்குறிப்பில் 'பி-ம்.' என்றிருக்கும்: பிரதிபேதம். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். அதைப் பிழை என்று அவர் அடித்துவிடவில்லை. ஏடெழுதியவர் கை தவறியது வேறு கதை. மரபணுவிலும் அப்படித்தான். கருவிலிருக்கும்போதே ஒரு ரத்த அணுவில் இடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதுண்டு. அது கை தவறியது. பிறழ்வு என்ற சொல்லை அங்கே தாராளமாக வைக்கலாம். அது தாய்வழியும் அல்ல, தந்தைவழியும் அல்ல. அது நேர்ந்த குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

'மாறுபாடு' பரவாயில்லை. ஆனால் மூலம் ஒன்று இருந்து பிறகு மாறியது போல ஒலிக்கிறது. 'வேறுபாடு' யாரையும் மூலமாக்குவதில்லை. "அதில் அறிவியல் கனம் இல்லையே" என்றார் மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர். பேச்சில் புழங்கும் சொல் என்றாலே இவர்களுக்கு இளப்பம். நோயாளிக்குப் புரிந்துவிட்டால் அது கலைச்சொல் இல்லையாம்!

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்: "பலரிடமும் இயல்பாக உள்ள சில மரபணு வேறுபாடுகள், குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன. பெரும்பாலோருக்கு அது வருவதில்லை."