ஆர்சிஎச் எண் முதல் பிறப்புச் சான்றிதழ் வரை: கொங்கு மாவட்டக் கர்ப்பிணிகள் அறிய வேண்டிய அரசு உரிமைகள்

கர்ப்பிணிகளுக்கு அரசு என்ன தருகிறது என்று கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், 18,000 ரூபாய் என்ற பதில்தான் முதலில் வரும். அந்தத் தொகை உண்மைதான். ஆனால் கருவுற்ற நாள் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை ஒரு பெண்ணுக்குள்ள உரிமைகளில் அது ஒரு சிறு பகுதியே. இலவசப் பரிசோதனை, மருந்து, ரத்தம், அறுவைச் சிகிச்சை, வாகனம், சம்பளத்துடன் விடுப்பு ஆகிய மற்றவற்றைப் பணமாகக் கணக்கிட்டால், சிக்கலான பிரசவமாகவோ குறைமாதக் குழந்தையாகவோ அமைந்துவிட்டால், அது 18,000 ரூபாயைவிடப் பல மடங்கு இருக்கும். இந்த இரண்டு வகைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கையில் தரப்படும் பணத்துக்கு வயது, வருமானம், எத்தனையாவது பிரசவம் என்ற நிபந்தனைகள் உள்ளன; அரசு மருத்துவமனையில் தரப்படும் சிகிச்சைக்கு அப்படி எதுவும் கிடையாது.

முதலில் பதிவு

கர்ப்பம் உறுதியான உடனே, எப்படியும் 12 வாரங்களுக்குள், அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்ய வேண்டும். நகரங்களில் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். பிக்மி எனப்படும் அரசின் இணையதளத்தில் தாங்களே முன்பதிவு செய்யலாம். 102 என்ற எண்ணை அழைத்தும் விவரம் தரலாம். கடைசி மாதவிலக்கு தேதி, ஆதார், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு, ஆர்சிஎச் (இனப்பெருக்க, குழந்தைகள் நலம்) எண் என்ற 12 இலக்க எண் கிடைக்கும். தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்தில் செவிலியர் எழுதித் தருவது இந்த எண்ணைத்தான். உதவித்தொகை, தடுப்பூசிப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாமே இதைக் கேட்கும். தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கப்போகிறோம், நமக்கு இது எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள், பிறப்பைப் பதியும்போது அலைய நேர்கிறது. பிரசவம் எங்கே நடந்தாலும் இந்த எண் வேண்டும்.

நம் ஊர்களில் பதிவு தாமதமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது ஒன்று. ஊரார் பார்வை என்ற அவர்களது கவலை எப்படியோ போகட்டும், செவிலியரிடம் சொல்வது ஊரில் சொல்வதாகாது. போலிக் அமிலம் கருவுக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்த முதல் வாரங்களில்தான். மற்றொன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம். கட்டுச்சோறு விருந்து முடிந்து பெண்ணை அழைத்துப்போன பிறகு, அங்கே புதிதாக இன்னொரு பதிவைப் போட்டுவிடுகிறார்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண் உருவாகிவிட்டால் உதவித்தொகைத் தவணை நின்றுவிட இடமுண்டு. பல்லடத்தில் பதிந்தவர் காங்கேயத்தில் பிரசவித்தாலும் எண் ஒன்றே. ஊர் மாறும் முன்பு பழைய செவிலியரிடம் தெரிவித்துவிட்டு, அட்டையைப் புதிய ஊர்ச் செவிலியரிடம் காட்டினால் போதும்.

பணமும் நிபந்தனைகளும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று தொகை உயர்ந்தது. மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் தமிழ்நாட்டில் இதனுடன் இணைத்தே செயல்படுத்தப்படுகிறது. 18,000 ரூபாயும் ரொக்கமாக வராது. 14,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ரொக்கம் முன்பு ஐந்து தவணைகளாக வந்தது, 2024 முதல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000 என்பது இப்போதைய முறை. சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து, பேரீச்சை, நெய் போன்றவை அடங்கிய பெட்டகம் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தரப்படும்.

பெண்ணுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகளுக்குக் குழந்தையின் தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்கு வங்கிக் கணக்குதான் பெரும்பாலும் காரணமாகிறது. கணவர் கணக்கோ மாமியார் கணக்கோ செல்லாது. பெண்ணின் பெயரிலேயே கணக்கு வேண்டும், அதில் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தும், பின்னர் தொடங்கிய கணக்கில் கணவரின் முதலெழுத்தும் இருப்பது நம்மிடம் சாதாரணம். இந்தச் சிறு பொருத்தமின்மை தவணையை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போதுமானது. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும் என்பதால், கல்லூரியில் படித்தபோது தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடப்பதும் உண்டு. பதிவுக்குச் செல்லும் முன் வங்கிக்கு ஒருமுறை போய் இரண்டையும் சரிசெய்துகொள்வது நல்லது.

இதைத் தவிர, ஜனனி சுரக்ஷா யோஜனாவின் கீழ் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கு அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்குக் கிராமப்புறத்தில் 700, நகர்ப்புறத்தில் 600 ரூபாய் உண்டு.

நிபந்தனையற்ற சிகிச்சை

2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவச் செலவு இல்லை. சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், தங்கும் நாட்களுக்கான உணவு ஆகிய அனைத்தும் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாட்கள், சிசேரியனுக்கு ஏழு நாட்கள் வரை உணவு தர வேண்டும். ரேஷன் கார்டு கேட்கக் கூடாது, மூன்றாவது குழந்தை என்று சொல்லி மறுக்கவும் கூடாது. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பெண்ணுக்கும் அந்தியூர் விவசாயி மனைவிக்கும் உரிமை ஒன்றே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நோயுற்றாலும் இதே சலுகை தொடரும். மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னாலோ, பிறந்த குழந்தையைக் காட்டுவதற்குப் பணம் கேட்டாலோ கொடுக்க வேண்டியதில்லை. அது மரபும் அல்ல, கட்டணமும் அல்ல. மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ 104 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம்.

கர்ப்பகாலத்தில் குறைந்தது நான்கு முறையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், ரத்த வகை, சர்க்கரை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, பால்வினை நோய் ஆகியவை பார்க்கப்படும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் மருத்துவரே பரிசோதிக்கும் சிறப்பு முகாம் நடக்கும். நான்காம் மாதத்துக்குப் பிறகு அதைத் தவறவிடாமல் இருப்பது நல்லது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போனாலோ, ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ, முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தாலோ, கவனம் அதிகம் தேவைப்படும் கர்ப்பம் என்று அட்டையில் குறிப்பார்கள். அப்படிக் குறித்த பிறகும், பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது சரியல்ல. இப்படிப்பட்டவர்கள் சீமாங் மையம், அதாவது தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம், உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ரத்த வங்கியும் மயக்க மருந்து நிபுணரும் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கும் பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கும் இலவசமாகத் தரப்படுகிறது. பனியன் கம்பெனி டீ இடைவேளையில் டீயோடு சேர்த்து அதை விழுங்கினால் பயன் குறையும். டீயில் உள்ள பொருள் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுத்துவிடுகிறது. கால்சியம் மாத்திரையையும் அதனுடன் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோடு அல்லது நெல்லிக்காயோடு, இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று நேரம் கழித்து எடுப்பது எளிது.

ஸ்கேன் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்பவருக்கு மட்டுமின்றி, கேட்கும் கணவருக்கும் உறவினருக்கும் சிறை உண்டு. வற்புறுத்தலின் பேரில்தான் பெண் உடன்பட்டிருப்பாள் என்று சட்டமே கருதுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்க வேண்டியிருந்தது என்பதை இந்தப் பகுதி மறந்துவிடலாகாது.

வலி எடுத்ததும் 108ஐ அழைக்கலாம். பனிக்குடம் உடைதல், ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாளவாடி, கடம்பூர், பர்கூர், கொல்லிமலை போன்ற மலை ஊர்களில் ஆம்புலன்ஸ் ஏறி வரவே நேரமாகும் என்பதால், மலைப்பகுதிகளின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். பிரசவத் தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே துணைக்கு ஒருவருடன் போய்த் தங்கலாம், உணவும் உண்டு. பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கவும் தமிழக அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. மாமியாரா, அம்மாவா, அக்காவா என்பதைக் கர்ப்பிணியே சொல்லட்டும்.

வேலைக்குப் போகும் பெண்கள்

பனியன் கம்பெனி, நூற்பாலை, கோழிப்பண்ணை அலுவலகம் என்று மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள் மிகுந்த பகுதி இது. ஆனால் கர்ப்பம் என்றதும் வேலையை விட்டு நின்றுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. நிற்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறு மாதக் காலங்களில், மொத்தம் 70 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தால், 26 வாரங்களுக்கு முழுச் சம்பள அளவில் பணம் கிடைக்கும். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வாரம். பணம் தருவது இஎஸ்ஐ கழகம். முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியதில்லை. காப்பீடு பெற்ற ஆணின் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப்படும். கோவையில் சிங்காநல்லூர் மருத்துவமனை பலருக்கும் தெரிந்ததே.

சிக்கல் பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் வருகிறது. பீஸ் கணக்கில் கூலி வாங்கினாலும் அது சட்டப்படி சம்பளமே. காண்ட்ராக்டர் மூலம் எடுத்த ஆளுக்கும் பங்களிப்பைக் கட்டவைக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா, நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதமும் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளதா என்பதைக் கர்ப்பம் தெரிந்த மாதமே பார்த்துவிட வேண்டும். ஏழாம் மாதத்தில் பார்த்தால் 70 நாட்களை நிரப்ப அவகாசம் இருக்காது.

சம்பளம் 21,000க்கு மேல் இருந்தால், 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்து, 2017 திருத்தம் விரிவாக்கி, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ள உரிமையின்படி, அதே 26 வாரச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு.

பிறந்த பிறகு

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும்; பேறுகால மரணங்களுக்குப் பெரும் காரணமான ரத்தப்போக்கு முதல் நாளில்தான் அதிகம் நேர்கிறது. பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஆகியவை வீடு திரும்பும் முன்பே போடப்படும். சேனைத் தண்ணீர் வைக்காமல், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கலாம். வீட்டில் கொண்டுவந்து விட 102 தாய் சேய் நல ஊர்தி இலவசம். 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்ப்பது கள சுகாதாரப் பணியாளரின் கடமை. வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, காலில் ஒருபக்க வீக்கம் ஆகியவற்றைப் பத்தியக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவது இலவசம். அரசு மருத்துவமனையில் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆர்சிஎச் எண்ணையும் பெற்றோர் பெயர்களின் எழுத்துகளையும் ஆதாருடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழே. பெயர் வைக்கும் முன்பே சான்றிதழ் வாங்கியிருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.